கழுவினால் போகாத அழுக்கு

காஞ்சிச் சந்தையில் மீன் வாங்கும் தாய், செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள். சதையை அழுத்திப் பார்க்கிறாள். வீட்டிற்குக் கொணர்ந்து உப்பும் மஞ்சளும் இட்டு அலசுகிறாள். நல்ல பழக்கந்தான். ஆயினும், கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் அகலாத அழுக்கு ஒன்று உண்டு. ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய கன உலோகங்களே அவை. வெள்ளிதோறும் புலால் விலக்கி மீன் உண்ணும் நம் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

இந்நஞ்சு மீனுக்குள் புகுவது எவ்வாறு? ஆலைக் கழிவு நீர்நிலையிற் கலந்தால், உலோகம் அடிச்சேற்றில் தங்குகிறது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்ணுயிரைப் புழுவும், புழுவைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் தின்னத் தின்ன, அது படிக்குப் படி பெருகுகிறது.

ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் 1956-இல் வெளிப்பட்ட கொடுமையை உலகம் மறக்கவில்லை. ஆலையின் பாதரசக் கழிவு கலந்த கடலின் மீனை உண்ட தாய்மார் சிலர் நலமாகவே காணப்பட்டனர். அவர்கள் ஈன்ற மகவுகளோ மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தன. நம் கொடைக்கானலிலும் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஏரி மீன்களில் காணப்பட்டதை, 2006-இல் வெளியான ஆய்வு உணர்த்தியது.

காஞ்சிக்குக் குடிநீர் தரும் பாலாற்றின் மேற்புறத்தில் தோல் பதனிடும் ஊர்கள் உள்ளன. அவற்றின் கழிவு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நகரையொட்டி ஓடும் வேகவதியோ சாக்கடையையும் சாயநீரையும் சுமந்தது.

அப்படியானால் மீனை விலக்கிவிடலாமா? வேண்டாம். ஏழைக்கும் எட்டும் நல்ணவு அது. பிடித்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள். கழிவு கலக்கும் குளத்து மீனைத் தவிருங்கள். ஈயமும் காட்மியமும் மிகுதியாகச் சேரும் செவுள், குடல், ஈரல் ஆகியவற்றை நீக்குங்கள். பாதரசமோ சதையிலேயே தங்குவதால் அதனை நீக்க வழியில்லை. ஆகவே கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும், பிற மீனைத் தின்று வளரும் பெரிய விராலைக் குறைத்து, ரோகு, கட்லா போன்றவற்றை உண்பது நன்று.

ஊர் ஏரியில் கழிவு கலக்கக் கண்டால் வாளாவிராதீர்கள்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு நாலுபேர் சேர்ந்து எழுதுங்கள். அடுப்பங்கரையில் செய்ய முடியாத தூய்மையை ஏரிக்கரையில்தான் செய்ய வேண்டும்.