உடன் இருத்தல்

நுழையும்முன்

இளமையில் வகுப்பறையிலும் ஆடுகளத்திலும் வளரும் நட்பு, முதுமையில் நோய்ப்படுக்கையின் அருகிலும் துக்க வீட்டுத் திண்ணையிலும் தன்னை மெய்ப்பிக்கிறது. நோயுற்றோர்க்கும் இழந்தோர்க்கும் நட்பு எவ்வாறு துணையாகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

வேறுபாட்டை வென்ற நட்பு

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டு இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் பெரியார். இராஜாஜி சேலம் நகராட்சியின் தலைவராகவும், பெரியார் ஈரோடு நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றியவர்கள். அதே 1925இல் பெரியார் காங்கிரசிலிருந்து விலகினார். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்து அவர் சிறை சென்றபோது மாகாண ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இராஜாஜி. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தையும் பெரியார் கடுமையாக எதிர்த்தார். இத்தனை வேறுபாடுகளுக்கு இடையிலும் நட்பு முறியவில்லை.

1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தார். அப்போது 93 வயதான பெரியார், சக்கர நாற்காலியில் இறுதி நிகழ்ச்சிக்கு வந்து கண்ணீர் வடித்தார். ஓராண்டு நிறைவதற்கு ஒருநாள் முன்னர், 1973 டிசம்பர் 24 அன்று அவரும் மறைந்தார். உடல் தளர்ந்த நிலையிலும் நேரில் வந்து நின்றதே அவர் நண்பருக்குச் செய்த இறுதி மரியாதை.

நோயில் துணை

'ஏதேனும் வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்பது நல்ல சொல்லே. எனினும், கேட்கும் பொறுப்பை அது நோயாளியிடமே விட்டுவிடுகிறது. 'செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு நான் உடன் வருகிறேன்' என்பதே துணையாகும். நோயாளியைக் களைப்படையச் செய்யாமல் சிறிது நேரம் அமர்தல், கேள்விப்பட்ட மருந்துகளையெல்லாம் பரிந்துரைக்காதிருத்தல், நோயை மட்டுமே பேசாமல் ஊர்ச்செய்தியும் பழங்கதையும் பேசுதல் ஆகியன நண்பர் அறிய வேண்டியவை. தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மருந்தையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டிற்கே கொண்டுவருகிறது. தனிமையைப் போக்க நண்பரே வரவேண்டும்.

இழப்பில் துணை

துக்கம் விசாரிக்க வருவோரால் நிறைந்திருக்கும் வீடு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வெறிச்சோடுகிறது. துயரத்தின் முழுக்கனமும் அதன்பின்னரே தெரிகிறது. முதல் ஆடிப்பெருக்கு, முதல் பொங்கல், முதல் நினைவுநாள் ஆகியவற்றில் சென்று பார்ப்பவரே உற்ற நண்பர். மறைந்தவரின் பெயரைத் தவிர்க்காமல் பேசுவதும் ஆறுதலாகும்.

உறவினர் துயரை வெளிப்படுத்தச் சடங்குகள் உண்டு. நண்பருக்கு அவை இல்லை. அதனால் அவரது துயரம் பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சங்கப் புலவர்கள் இதனை உணர்ந்திருந்தனர். தகடூரை ஆண்ட அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி.

நம் கடமை

உங்கள் தாத்தாவோ பாட்டியோ நெடுநாள் நண்பரை இழந்திருக்கக்கூடும். 'வயதாகிவிட்டது, போய்ச் சேர்ந்தார்' என்று அச்செய்தியைக் கடந்துவிடாதீர்கள். அவர்களைத் துக்க வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்தபின் அருகில் அமர்ந்து, 'அவரை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். அந்த ஒரு வினா, நெஞ்சில் அடைபட்ட துயரம் சொல்லாக வெளிவர வழி திறக்கும்.