துக்கம் எப்போது நோயாகிறது? கணநாத் ஒபயசேகரவின் ஆய்வும் நமது மரண வீடுகளும்

கினிகத்தேனையில் மழைக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. அப்படி மழை கொட்டிய ஒரு பின்னேரம், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் உம்மா பாடசாலைக்கு வந்தார். கணவர் மௌத்தாகி ஆறு மாதம். இத்தா முடிந்து அப்போதுதான் வெளியே நடமாடத் தொடங்கியிருந்தார். மகளின் புள்ளிகளைப் பற்றிக் கதைக்க வந்தவர் வேறொன்றைக் கேட்டார்.

"அழுதா ஈமான் கொறஞ்சி எண்டு செல்றாங்க சேர். கிளினிக்ல டிப்ரஷன் எண்டு குளிசை தந்தாங்க. மாமி செல்ற, ஜின் கோளாறாம், ஓதிப் பாக்கோணுமாம். எனக்கு எனத்த சேர் வந்தீக்கி?"

தமிழ் படித்த எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. "அல்லாஹ் இருக்கிறான், எல்லாம் சரிவரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒரே துக்கத்துக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் துக்கம் என்னவென்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்களுள் பிரான்சிய வரலாற்றாசிரியை எலிசபெத் ருடினெஸ்கோ ஒருவர். பிராய்ட் தொடங்கிவைத்த உளப்பகுப்பாய்வு பிரான்சில் வேரூன்றிய வரலாற்றை 1982இலும் 1986இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். 1993இல் லக்கானின் வாழ்க்கையையும் 2014இல் பிராய்டின் வாழ்க்கையையும் எழுதினார். 1999இல் வந்த நூலில் இன்றைய மேற்குலகை 'மனச்சோர்வுச் சமூகம்' என்கிறார். மருந்தின் பயனை அவர் மறுக்கவில்லை. நோயாளியின் கதையைக் கேட்காமல் அறிகுறியை மட்டும் எண்ணுவதுதான் அவருக்குள்ள குறை.

ருடினெஸ்கோவின் அந்த நூலுக்கு 14 வருடங்கள் முன்பே, 'மனச்சோர்வு' என்ற அதே சொல்லை எதிர்ப்பக்கத்தில் நின்று கேள்வி கேட்டவர் நமது நாட்டவர். அவர்தான் மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர. 1930இல் பிறந்தவர். பேராதனையில் ஆங்கிலம் படித்து, வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனையிலும் பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலும் கற்பித்தார். 2025 மார்ச்சில், 95 வயதில் காலமானார். பிராய்டை ஆழக் கற்றவர், ஆனால் அப்படியே ஏற்றுக்கொண்டவரல்லர்.

1985இல் வெளிவந்த அவரது கட்டுரை ஒன்று பிரித்தானியச் சமூகவியலாளர் பிரவுன், ஹரிஸ் ஆகியோரின் ஆய்விலிருந்து தொடங்குகிறது. லண்டன் பெண்களை ஆராய்ந்த அவர்கள், ஓர் இழப்பால் வந்த நம்பிக்கையின்மை வாழ்க்கை முழுவதற்கும் பரவும்போது அது மனச்சோர்வாகிறது என்றார்கள். இதை வாசித்த ஒபயசேகரவுக்கு வியப்பு. வாழ்வே துக்கம், பற்று வீண் என்று ஒருவர் சொன்னால் இலங்கையில் அவரை நோயாளி என்பார்களா? நல்ல பௌத்தர் என்றல்லவா சொல்வார்கள்!

வாதத்தை மறுபுறமாகவும் திருப்பிக் காட்டுகிறார். தெற்காசியாவில் தாது நட்டம் என்று பயந்து மெலிந்துபோகும் ஆண்கள் இருக்கிறார்கள். நமது வைத்தியர் ஒருவர் அந்த அறிகுறிப் பட்டியலோடு அமெரிக்கா போய், அங்குள்ளவர்களிடம் அவற்றைத் தேடிப் பொறுக்கி, "உங்களுக்கே தெரியாத ஒரு நோய் உங்களிடம் இருக்கிறது" என்றால் சிரிக்க மாட்டார்களா? மேற்கின் பட்டியலோடு நம்மிடம் வருவதும் அப்படித்தானே என்பது அவரது கேள்வி.

இங்கிருந்துதான் அவரது முக்கியமான கருத்து பிறக்கிறது: 'பண்பாட்டின் வேலை'. 1990இல் இதே பெயரில் நூலும் வந்தது. மனதில் அமுங்கிய ஆசையையும் பயத்தையும் கனவு உருமாற்றிக் காட்சியாக்குகிறது என்றார் பிராய்ட். அதுபோல, தனிமனிதரின் வலியை எல்லோரும் புரிந்து ஏற்கக்கூடிய பொருளாகப் பண்பாடு உருமாற்றுகிறது என்றார் ஒபயசேகர. 1981இல் வந்த 'மெடூசாவின் கூந்தல்' நூலில், சடைமுடி வளர்த்த கதிர்காமப் பக்தைகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதினார். குடும்பத்தில் பட்ட துன்பம் ஒரு வழியும் கிடைக்காதிருந்தால் நோயாகவே தங்கியிருக்கும். சடைமுடி என்ற மரபுக் குறியீடு கிடைத்ததால், அவர்கள் மற்றவர்களுக்கு வாக்குச் சொல்லும் நிலைக்கு உயர்ந்தார்கள் என்கிறார். நமக்கு அந்த வழிபாட்டில் உடன்பாடில்லை. ஆனாலும் வலி எப்படி உருமாறுகிறது என்ற விளக்கம் நமக்கும் தேவையானது.

நமது மரண வீட்டை இந்தக் கண்ணால் பாருங்கள். மையித்தைக் குளிப்பாட்டும் கை, கபனிடும் கை, கபுறில் மூன்று பிடி மண் போடும் கை. மரணத்தை நம்ப மறுக்கும் மனதுக்கு அந்தக் கைகள்தான் உண்மையைச் சொல்கின்றன. அந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாமென்று அயலார் சோறு கொண்டு வருகிறார்கள். ஜஃபர் (ரழி) ஷஹீதானபோது அவரது குடும்பத்துக்கு உணவு சமைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழி அது. விதவைக்கு நான்கு மாதமும் பத்து நாளும். துக்கத்துக்கு ஒரு வேலியும் ஒரு முடிவுத் திகதியும் அதில் இருக்கின்றன.

இந்த வேலை தடுக்கப்பட்டால் என்னாகும் என்பதை நாம் 2020இல் கண்டோம். ஏப்ரலில் வந்த வர்த்தமானி அறிவித்தல், கொரோனாவில் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. குளிப்பாட்டலில்லை, கபனில்லை, கபுறில்லை. பிறந்து இருபதே நாளான சிசு எரிக்கப்பட்டபோது, பொரளை மயானக் கதவில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். உடுத்த முடியாத கபனைக் கதவில் கட்டினார்கள். வழி அடைக்கப்பட்ட துக்கம் தானே தேடிக்கொண்ட குறியீடு அது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யும் அனுமதி கிடைத்தது. 2024இல் அரசு மன்னிப்புக் கோரியது. ஆனால் கபுறே இல்லாதவர்களின் குடும்பத்துக்கு ஸியாரத் செய்ய இடமேது?

வெளியார் அடைத்த வழியைப் பற்றிப் பேசுகிறோம், சரி. நாமே அடைக்கும் வழிகள்? மூன்றாம் கத்தம், நாற்பதாம் கத்தம் கூடுமா கூடாதா என்பது உலமாக்கள் தீர்க்கவேண்டிய விடயம். அதில் நான் தலையிடவில்லை. நான் கேட்பது வேறு. ஒரு வழக்கத்தை நிறுத்தும்போது, அந்தப் பெயரில் விதவையின் வீட்டுக்குப் போய்வந்த மனிதர்களும் நின்றுவிடுகிறார்களே, அந்த வேலையை இனி யார் செய்வது?

ஒபயசேகரவிடம் எனக்கொரு மறுப்பும் உண்டு. பற்றறுத்த பௌத்தர் பயிற்சியால் அந்த நிலையைத் தேடிப் போகிறார். மனச்சோர்வில் விழுந்தவர் அதைத் தேடிப் போனவரல்லர். அவரைப் பண்பாடு தாங்கும் என்று சும்மா விட்டுவிட முடியாது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், சாகலாம் என்ற எண்ணம் வந்தால், வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். குளிசை அதன் வேலையைச் செய்யட்டும். மனிதர்கள் செய்யவேண்டிய வேலையை அதன் தலையில் போடக்கூடாது.

பிறகொரு நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். யூசுப் சூராவில் வரும் யஃகூப் (அலை) அவர்களைப் பற்றிச் சொன்னேன். மகனை நினைத்து நினைத்துத் துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போன நபி. தன் முறைப்பாட்டை அல்லாஹ்விடமே சொன்ன நபி. நமது நபி (ஸல்) அவர்களும் சிறுமகன் இப்ராஹீம் வபாத்தானபோது கண்ணீர் விட்டார்கள். ஒப்பாரியைத்தான் தடுத்தார்கள், கண்ணீரை அல்ல.

"அப்ப நபிமாரும் அழுதீக்காங்க" என்றார் அவர். மருந்தை நிறுத்த வேண்டாம் என்று மனைவி சொன்னாள். தலையாட்டினார். பிறகு, "அவர் மழை நாள்ள கடைய வெள்ளன பூட்டிட்டு வந்துருவார்" என்று கணவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அஸருக்குப் போன நாங்கள் மஃரிப் பாங்கு சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.