பேழைக்குள் அடங்காத மாலை

ஃபார்குவார் தெருவில் உள்ள பினாங்கு மாநில அருங்காட்சியகக் கட்டடம் முன்பு பள்ளிக்கூடம். 1816இல் தோன்றிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் அங்கே இயங்கியது. 1965இல் அது அருங்காட்சியகமானது. இத்தகைய இடங்களுக்குப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அவர்களையே காட்சி அமைக்கச் சொன்னால் என்ன?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அதற்கு வழிகாட்டியது, 1999இல் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பு. அதை முன்னின்று உருவாக்கியவர், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகக்கலை கற்பித்த ஜேனட் பிள்ளை. அவ்வமைப்பின் ‘அனாக்-அனாக் கோத்தா’ திட்டத்தில் நகரப் பிள்ளைகள் பழைய தெருக்களுக்குள் போய்க் கைவினைஞர்களிடம் பேசினார்கள். கேட்டதை ஓவியமாகவும் நிகழ்ச்சியாகவும் கண்காட்சியாகவும் ஊருக்குத் திருப்பித் தந்தார்கள். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் முன்பே தொடங்கிய வேலை இது.

பொருளைத் தேடும் முன் ஆளைத் தேடிப் போனதுதான் இதில் அருமை.

ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள ஒரு பூக்கடையையே எடுத்துக்கொள்வோம். அதைக் காட்சியாக்க வேண்டும். மாலை மறுநாளே வாடிவிடும். கண்ணாடிப் பேழையில் எதை வைப்பது? நாரையும் கத்தரியையும் மட்டும் வைத்தால் தொழில் தெரியாது. விரல்கள் முடிச்சுப் போடும் வேகத்தைக் காணொளியாகக் காட்டலாம், கட்டுபவரின் குரலைக் கேட்கவிடலாம், பார்வையாளர் கையிலேயே நாரைக் கொடுத்துக் கட்டச் சொல்லலாம். எதைத் தேர்ந்தாலும், கண்காட்சி என்ன சொல்ல வருகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும் என்கிறார் அமெரிக்க அருங்காட்சியக வல்லுநர் பெவர்லி செரல். மாணவர்கள் திணறுவது இங்கேதான். திரட்டிய பத்தில் எட்டை விடுவதற்கு மனம் வராது.

பிறகு வெளிச்சம். பட்டுத்துணி, பழைய புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வரையிலான வெளிச்சமே பாதுகாப்பு என்பது பொது வழக்கம். பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சையையும் கவனிக்க வேண்டும்.

விளக்கப் பலகை இன்னொரு சோதனை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஒரே பலகையில் இடம்பெற வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் சில வரிகளே மிஞ்சும். அச்சடிக்கும் முன் வெறுந்தாளில் எழுதி ஒட்டி, தெருவில் போகிறவரைப் படிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. அந்தத் தாளைப் பூக்கட்டுபவரிடமும் காட்ட வேண்டும். தன் தொழிலைப் பற்றி எழுதியதைத் திருத்தும் உரிமை அவருக்குத்தான் முதலில்.