கைக்கு வந்த மண்!

1966 ஆகஸ்ட் 23. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் உள்ள வேவ் ஹில் மாட்டுப் பண்ணையைவிட்டு சுமார் 200 பேர் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினார்கள். குரிண்ஜி பழங்குடித் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பங்களும்தான் அவர்கள். தலைமை தாங்கியவர், அங்கே மாடு மேய்த்துவந்த வின்சென்ட் லிங்கியாரி.

பண்ணை, பிரிட்டனின் வெஸ்டி நிறுவனத்துக்குச் சொந்தம். மாடுகளை ஓட்டி வருவது, வேலி போடுவது, வெள்ளைக்காரர் வீட்டில் சமைப்பது என உழைப்பு முழுக்க பழங்குடிகளுடையது. கிடைத்ததோ அற்பக் கூலி, கொஞ்சம் மாவு, சர்க்கரை, தேயிலை, இறைச்சி. தங்க, ஆள் குனிந்து நுழையும் தகரக் கொட்டகை.

கூலிக்கான வேலைநிறுத்தம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால், அவர்கள் கேட்டது நிலத்தை! மாடுகள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அது அவர்களுடைய முன்னோரின் மண். 1967-ல் தகுராகு ஓடைக்கரையில் குடியேறினார்கள். பண்ணை வேலைக்குத் திரும்பவில்லை.

ஒன்பது வருடக் காத்திருப்பு. 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் காஃப் விட்லம் நேரில் வந்து, மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டினார். 3,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலம் குத்தகையாகக் கிடைத்தது. அடுத்த வருடமே வடக்குப் பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் வந்தது.

குத்தகை நிலம் முழுச் சொந்தமானது 1986-ல்தான். அதைப் பார்த்துவிட்டே, 1988-ல் கண்மூடினார் லிங்கியாரி.