திறக்கும்போதே உறைந்து நிற்கும் கணனி

திருகோணமலைக் கரையோரக் கிராமங்களிலே சங்கங்களின் சேமிப்பும் கடனும் பழைய கணனிகளில் பதியப்படுவதுண்டு. கணக்கு முடிக்கும் நாளில் அக்கணனி பாதியில் உறைந்துவிட்டால், பணம் கட்டிய பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பொருளாளர்தான். பதற்றத்தில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் கணக்கும் சேர்ந்தே அழியும்.

ஆகவே முதலில், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனிப்போம். விண்டோஸ் சின்னம் தோன்றுமுன் நின்றால், கோளாறு பெரும்பாலும் கருவியில் இருக்கும். பிரின்டர், பென்டிரைவ் யாவற்றையும் கழற்றிவிட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். எமது உப்புக்காற்றில் 'றாம்' பலகையின் தொடுமுனைகளில் அழுக்குப் படிவதுண்டு. மின்சாரத்தைத் துண்டித்தபின் அதைக் கழற்றி, அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் பொருத்தினாலே சில கணனிகள் எழும்பிவிடும்.

சின்னம் தோன்றியபின் நின்றால், மென்பொருளையோ வன்தட்டையோ சந்தேகிக்கலாம். 2024 யூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணனிகள் முடங்கின. கருவிகளில் பழுதில்லை. 'சேஃப் மோட்' எனும் குறைந்தபட்ச இயக்கத்தில் திறந்து அக்கோப்பை நீக்கியதும் அவை இயங்கின. திடீர் மின்வெட்டும் இவ்வாறே கோப்புகளைச் சிதைக்கும். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே!

வன்தட்டு 'டிக், டிக்' என ஒலித்தால் மட்டும் எதையும் முயலக் கூடாது. உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் தட்டு மேலும் கெடலாம். பழகியவரைக் கொண்டு அதைக் கழற்றி, வேறு கணனியில் இணைத்துக் கணக்கைப் பிரதி எடுத்தபின்பே திருத்த வேலைக்குக் கொடுக்க வேண்டும்.