கடைசிப் படகும் ஆராய்ச்சிக் கட்டுரையும்

பட்டப்பின் மாணவர்க்கென நடைபெறும் செயலமர்வுகளின் அழைப்பிதழ்களை விருப்புடன் படிப்பவருள் நானும் ஒருவன். ஆய்வு வினாவை வகுத்தல், உசாத்துணை காட்டல், தரவுகளைக் கணினியிற் பகுத்தல், கருத்துத் திருட்டைத் தவிர்த்தல் எனத் தலைப்புகள் வரிசையாக நிற்கும். என் காலத்தில் இவற்றைக் கற்பிப்பார் இலர். பேராசிரியர் முகஞ் சுளித்தாற் பிழை என்றும், சுளியாவிடிற் சரி என்றும் நாமே உய்த்துணர்ந்து கொண்டோம். ஆதலால் இன்றைய மாணவர்க்கு இவ்வசதிகள் வாய்த்தமை எனக்கு மகிழ்ச்சியே. எனினும், அழைப்பிதழில் என் கண் முதலிற் செல்வது தலைப்பின்மேல் அன்று, முடிவு நேரத்தின்மேல். மாலை 4.30 என்று அச்சிட்டிருந்தால், நெடுந்தீவார் எவரும் அதனை முழுமையாகக் கேட்கப் போவதில்லை என்று தீர்மானித்துவிடலாம்.

தீவகத்தின் வழிகளை அறியாதார்க்கு ஒரு சொல். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்கும், அங்கிருந்து மற்றொரு தாம்போதியாற் புங்குடுதீவுக்கும் பேருந்து செல்லும். புங்குடுதீவின் மேற்கோரத்துக் குறிகாட்டுவானில் நிலவழி முடிந்துவிடும். நயினாதீவு கண்ணெதிரே தோன்றும், சிறிது நேரப் பயணம். நெடுந்தீவோ ஏறத்தாழ ஒரு மணி நேரத் திறந்த கடலுக்கு அப்பாலுள்ளது. சோளகம் வீசும் மாதங்களில் அந்த ஒரு மணியை நீட்டுவதும் மறுப்பதும் காற்றின் விருப்பம்.

என் உறவினளான ஆசிரியை ஒருத்தி, நெடுந்தீவிற் பணியாற்றிக்கொண்டே முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறாள். அத்தீவார் நாவில் இன்னும் வழங்கும் கடற்றொழிற் சொற்களே அவள் ஆய்வுப்பொருள். மூன்று செயலமர்வுகளுக்குச் சென்றாள். மூன்றிலும் முற்பகல் விரிவுரைகளைக் கேட்டாள். எழுத்துப் பயிற்சி எப்போதும் பிற்பகலில். அதற்குள் அவள் பேருந்தில் இருப்பாள். யாழ்ப்பாணத்தில் இரவு தங்கலாமே என்பார்க்கு, வீட்டில் நோயுற்ற தாயார் இருக்கிறார் என்பதே விடை. சான்றிதழ்கள் மாத்திரம் மூன்றும் தவறாது வந்து சேர்ந்தன.

"மாமா, தலைப்பெல்லாம் தெரியும், எழுதத்தான் வருகுதில்லை" என்றாள் ஒருநாள். செயலமர்வுகள் பற்றி இதனினும் கூர்மையான திறனாய்வை நான் எங்கும் படித்ததில்லை.

2020இற் பெருந்தொற்று வந்து மண்டபங்கள் மூடப்பட்டபோது கூட்டங்கள் இணையவழிக்கு மாறியதை வாசகர் அறிவர். அலைவரிசை இடையிடையே அறுந்தாலும், தீவிலிருந்தவர் கடைசிக் கேள்விவரை கூட்டத்தில் இருந்தது அக்காலத்திலேதான். தொற்றுத் தணிந்ததும் பழைய மண்டபமும் பழைய நேரமும் திரும்பி வந்தன. கொடிய காலத்தில் வாய்த்த ஒரு நன்மையை நல்ல காலத்தில் ஏன் கைவிட்டோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆராய்ச்சி மாணவனுக்கு உதவி என்பது யாது? தீவகத்து மைந்தர் ஒருவரே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள், உரோமாபுரியிற் குருப்பட்டம் பெற்றபின் தமிழ்நாட்டு வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்தே தமிழை ஆழ்ந்து கற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கையை ஆராய்ந்தார். பின்னர் இலண்டனிற் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை பற்றி ஆய்ந்து கலாநிதியானார். அவர் செய்தவற்றுள் பலரும் போற்றுவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளை. நான் அதனோடு ஒப்ப மதிப்பது, 1966இற் கோலாலம்பூரில் அவர் வெளியிட்ட தமிழியல் நூல்களின் வழிகாட்டிப் பட்டியலை. மேடையும் மாலையும் வேண்டாத பணி அது. இன்ன பொருள் பற்றி இன்னார் எழுதியுள்ளார் என்று அறியவே ஆண்டுகளைத் தொலைத்த மாணவர்க்கு, அது வீட்டு வாசலுக்கு வந்த உதவி. மாணவன் எத்தீவில் இருந்தாலும் அதற்குப் படகு நேரம் இல்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தபின், பட்டியலில் உள்ள நூலைத் தேடுவதே பெரும்பாடாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் அப்பாட்டைப் பெரிதும் தணித்துள்ளது. என் உறவுப்பெண் இரவு பத்து மணிக்குத் தாயார் உறங்கியபின் பழைய சஞ்சிகைகளைக் கைப்பேசியில் விரித்து வைத்துப் படிக்கிறாள்.

ஆனால் நூல் கிடைத்தாற் போதாது. எழுதியதைப் படித்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். பேர்லினில் இராங்கே என்னும் வரலாற்றுப் பேராசிரியர் 1830களில் மாணவர் சிலரைத் தம் வீட்டுக்கு அழைத்து, மூலாவணங்களை அவர்கள் தாமே ஆராய்ந்து எழுதி வரவும் அதனைக் கூடியிருந்து அலசவும் வைத்தார். இன்றைய ஆய்வுக் கருத்தரங்குகளின் மூலம் அதுவே. ஒருவர் பேசப் பலர் குறிப்பெடுக்கும் கூட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, நீந்துவதைப் பற்றிக் கேட்பதற்கும் நீந்துவதற்கும் உள்ளதே.

நிற்க. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டை இங்கே நினைக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது; பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊர்காவற்றுறைக்கு வந்து காவலுடன் தங்கலாம் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபக் கலம் உடைந்தாற் சரிபாதி. உடைந்த கலத்தில் எஞ்சியது எவருக்கென்று முன்கூட்டியே விதித்த அரசன் கடலை அறிந்தவன். பட்டப்பின் படிப்பிலும் கலங்கள் உடைகின்றன. தாயார் நோயுறுகிறார், இடமாற்றம் வருகிறது, பதிவுக்காலம் தீர்கிறது. எழுதி முடித்த இயல்கள் எத்தனை என்று கேளாமற் பெயரை நீக்கும் விதியில் உடையவனுக்குப் பங்கே இல்லை.

பேராசிரியர் ஒருவர் பேருந்தேறிப் புங்குடுதீவுக்கு வருவது, பத்து மாணவர் அலைந்து மண்டபத்துக்குச் செல்வதினும் எளிது. இதனை எழுத்திலும் நேரிலும் பலரிடம் சொல்லியாயிற்று. அவர்கள் வரும்வரை காத்திராமல், இளைப்பாறிய ஆசிரியர் இருவரும் மாணவர் நால்வருமாகச் சனிக்கிழமைகளிற் குறிகாட்டுவானுக்கு அண்மையில் ஒரு வீட்டிற் கூடுகிறோம். ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவர வேண்டும். வெறுங்கையுடன் வந்தவர் தேநீர் ஊற்ற வேண்டும். நாங்கள் பெரிய ஆய்வாளர்களல்லேம். வாக்கியம் விளங்குகிறதா, சான்று போதுமா என்று கேட்க அறிவோம். சென்ற கிழமை அவள் காற்றுப் பெயர்களைப் பற்றி எழுதி வந்திருந்தாள். கச்சான் எத்திசையில் முடிந்து சோளகம் எத்திசையில் தொடங்குகிறது என்பதில், தொழிலாளர் இருவர் அவளுக்கு வெவ்வேறு விடை சொல்லியிருந்தார்கள். அம்முரண்பாட்டை அடிக்குறிப்பில் ஒதுக்கியிருந்தாள். அதுவே இயலின் நடுப்பொருளாக வேண்டுமென்று ஒருவர் வாதிட, மற்றவர் மறுக்க, படகை மறந்துவிட்டோம். வீட்டுக்காரர் வந்து எழுப்பியபின் தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

மூன்றாம் இயலில் இருபது பக்கம் ஆயிற்று. காலநீடிப்பு விண்ணப்பத்துக்கு மறுமொழி இன்னும் வரவில்லை.