ஒட்டுக்கட்டும் மடக்குக் கத்தி: டூல் ஸ்டீலா, எவர்சில்வரா?

ஒட்டுக்கட்ட மடக்குக் கத்தி வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு ரகம் எடுத்து வைப்பார். ஒன்று பளபளக்கும் எவர்சில்வர். இன்னொன்று சற்று மங்கலான டூல் ஸ்டீல். 'இதை வாங்கினால் ஆயுசுக்கும் கூர் போகாது' என்பார் ஒருவர். 'ஒரு மழைக்காலம் தாங்காது, துரு ஏறிவிடும்' என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மா, எலுமிச்சை நாற்று கட்டி விற்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒட்டு பிடிக்காமல் போனால் குச்சி, கூலி, பருவம் மூன்றும் சேர்ந்து வீணாகும்.

கூர் ஏன் முக்கியம்?

ஒட்டுக்குச்சியும் வேர்ச்செடியும் ஒன்றாகச் சேர்வது, பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு வழியாகத்தான். ஒரே இழுப்பில் வழுவழுப்பாகச் சீவினால் இரண்டு வெட்டுப் பரப்பும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கிவிடும். நசுங்கிய இடம் காய்ந்து கருகும், பூஞ்சணமும் எளிதாக நுழையும். போதாததற்கு, மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கி விரலைப் பதம் பார்க்கும்.

டூல் ஸ்டீல் என்பது என்ன?

அரம், உளி, அச்சு, வெட்டுக்கருவி போன்றவை செய்வதற்காக உருவான எஃகு வகைகளுக்குப் பொதுப்பெயர்தான் டூல் ஸ்டீல். அது ஒரே சரக்கு இல்லை. ஓ1 என்ற ரகத்தில் சுமார் 0.9 சதம் கார்பன் இருக்கும். மடக்குக் கத்திகளில் அதிகம் பேசப்படும் டி2 ரகத்தில் சுமார் 1.5 சதம் கார்பனும் 11 முதல் 13 சதம் குரோமியமும் இருக்கும்.

கார்பன் கூடுதலாக உள்ள எஃகுக்குச் சரியாகப் பதம் ஏற்றினால் நல்ல கடினம் வரும். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில், மலிவான எவர்சில்வர் கத்தி 50 முதல் 56 வரை நிற்கும். டி2 கத்தி 58 முதல் 62 வரை போகும். அதனால்தான் நாள் முழுக்கக் குச்சி சீவினாலும் அதன் வாய் சீக்கிரம் மழுங்குவதில்லை. எவர்சில்வரிலும் 58 வரை கடினம் ஏற்றக்கூடிய நல்ல ரகங்கள் உண்டு.

குறைகள் எவை?

முதல் குறை துரு. டி2-வில் அவ்வளவு குரோமியம் இருந்தும் ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்கலாம். அந்தக் குரோமியத்தில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கெட்டியான துகள்களாகிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சும் குரோமியம் குறைவு. ஓ1 போன்ற ரகங்களில் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. மாம்பால், வாழைக்கறை, எலுமிச்சைச் சாறு பட்டு அப்படியே மடக்கி வைத்தால் மறுநாளே கறை தெரியும். கறையில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால்தான் கத்தியில் கறுப்பு படிகிறது.

இரண்டாவது, உடையும் தன்மை. கடினம் கூடினால் வளையும் குணம் குறையும். டி2 கத்தியை முறுக்கி நெம்பினால் வாயில் பல் விழும். மூட்டு நெம்பவும் டப்பா மூடி திறக்கவும் அது ஏற்றதல்ல.

மூன்றாவது, சாணை. உள்ளே இருக்கும் கெட்டித் துகள்களால் டி2-வைச் சாதாரணக் கல்லில் தீட்ட நேரம் பிடிக்கும். வைரத்தூள் பூசிய தகடு இருந்தால் வேலை சுலபம். ஓ1 போன்றவை சாதாரணக் கல்லிலேயே நன்றாகக் கூர் ஏறும்.

மின்சாணையில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தீட்டும்போது வாய் நீலநிறமானால் சூடு ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஓ1 போன்ற எஃகில் அந்த இடத்தின் பதம் இறங்கிவிடும். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தீட்ட வேண்டும்.

கத்தி வழியே பரவும் நோய்

எலுமிச்சை, சாத்துக்குடியில் எக்சோகார்டிஸ் என்ற வைராய்டு நோய், ஒட்டுக்குச்சி வழியாகவும் கத்தி வழியாகவும் பரவும். வேர்ச்செடியாகப் பயன்படும் ரங்கபூர் எலுமிச்சைக்கு இது தாக்கினால் பட்டை உரிந்து மரம் குட்டையாகும். நட்டுச் சில வருடம் கழித்தே தெரியும் என்பதால், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைப்பதும் தீயில் காட்டுவதும் இந்த வைராய்டுக்குப் போதாது. தீயில் காட்டினால் கத்தியின் பதமும் கெடும். 5 சத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து, தாய்மரம் மாறும்போதெல்லாம் கத்தியைத் தோய்த்தெடுக்க வேண்டும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஆனால் இந்தக் கரைசல் டூல் ஸ்டீலை வேகமாக அரிக்கும். எவர்சில்வரையும் முழுதாக விட்டுவைக்காது. தோய்த்த கையோடு நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும்.

மடக்கு மூட்டில் கவனம்

துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத மூட்டில்தான். மாலையில் வேலை முடிந்ததும் கத்தியைத் திறந்து, பிசின், மண் நீக்கி, நன்றாகக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடலாம். வாயில் எண்ணெய் தடவியிருந்தால், மறுநாள் ஒட்டுக்கட்டுமுன் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். மூட்டு ஆடும் கத்தி வேண்டாம். வேலைக்கு நடுவே மடங்கி விரலை வெட்டும்.

யாருக்கு எது?

பிரான்சில் 1890-ல் தொடங்கிய ஒப்பினெல் மடக்குக் கத்தியை இன்றும் கார்பன் எஃகு, எவர்சில்வர் என இரண்டு விதமாகவும் விற்கிறார்கள். இரண்டுக்கும் தேவை இருக்கிறது என்பதே காரணம்.

மா போன்றவற்றில் நாள் முழுக்க ஒட்டுக்கட்டுபவர், தினமும் துடைத்து எண்ணெய் போடும் பழக்கமுள்ளவர் என்றால் டூல் ஸ்டீல் வாங்கலாம். எலுமிச்சை வகையில் மொட்டு கட்டுபவர், அடிக்கடி மருந்தில் தோய்ப்பவர், ஈரத்தில் வேலை செய்பவர் நல்ல எவர்சில்வர் வாங்கித் தினமும் தீட்டிக்கொள்வது நல்லது. எதை வாங்கினாலும் ஒட்டுக்கட்டும் கத்தியை அதற்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். கயிறு அறுக்கவும் தேங்காய் கீறவும் வேறு கத்தி இருக்கட்டும்.